ஆவாரம்பாளையத்துப் பட்டறையில் தொழிற்பழகுநர் திட்டம்: ஆறு ஆண்டு அனுபவத்தின் மதிப்பீடு

கோவை ஆவாரம்பாளையத்தில் பதினான்கு பேர் வேலை செய்யும் சிறிய லேத் (கடைசல் இயந்திர) பட்டறை ஒன்றை நடத்திவருகிறேன். நீர்மூழ்கி மோட்டார்களுக்கான ஷாஃப்ட்டுகளை, அதாவது சுழல்தண்டுகளைக் கடைந்து, பேரிங் அமரும் இடங்களைக் கிரைண்டிங் செய்து, பம்ப் நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குச் செய்து கொடுப்பதே எங்கள் தொழில். அரசின் தொழிற்பழகுநர் திட்டத்தின் கீழ் முதல் இளைஞரை 2019ஆம் ஆண்டின் இறுதியில் சேர்த்துக்கொண்டேன். பெருந்தொற்றால் தடைபட்ட காலத்தைக் கழித்துப் பார்த்தால், இதுவரை ஒன்பது பேர் எங்களிடம் பயிற்சி முடித்துச் சென்றிருக்கிறார்கள். ஓர் இயந்திரத்தை வாங்கி ஓட்டிப் பார்த்தவர் அதைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்வது போல, இந்தச் சேவையைப் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் இதன் நிறைகுறைகளை எழுதுகிறேன். சக பட்டறைக்காரர்கள் இத்திட்டம் பற்றி என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இதனால் நமக்கு என்ன மிச்சம்?" என்பதுதான். அதற்குக் கணக்குப் போட்டு நேர்மையாக விடை சொல்ல முடியும், சொல்லவும் போகிறேன். ஆனால் இந்தக் கணக்கின் ஒரு பாதிதான் பட்டறையின் பேரேட்டில் இருக்கிறது. மறுபாதி ஊரின் பேரேட்டில் இருக்கிறது என்பது எனக்கு விளங்கவே ஆறு ஆண்டுகள் ஆயின.

முதலில் திட்டம் இயங்கும் விதம். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமே இதற்கு அடிப்படை. 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள், தம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள எங்களைப் போன்றவர்களுக்கு அது விருப்பம் மட்டுமே. 2019இல் திருத்தப்பட்ட விதிகள், படிப்புக்கு ஏற்றபடி மாதம் 5,000 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகையை நிர்ணயித்தன. தொழிற்பயிற்சி நிலையத்தில், அதாவது ஐ.டி.ஐ.யில் படித்துச் சான்றிதழ் பெற்றவருக்கு அவ்விதிகளின்படி 7,000 ரூபாய். 2016இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்படி, இத்தொகையில் கால் பங்கை, 1,500 ரூபாய் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, மத்திய அரசு ஏற்கிறது. முன்பெல்லாம் முழுத் தொகையையும் நாங்கள் கொடுத்துவிட்டு அரசின் பங்கைத் திரும்பக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. 2023 முதல் அது பழகுநரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகச் செல்கிறது. கணக்கு எழுத ஆள் வைத்துக்கொள்ள இயலாத சிறு பட்டறைகளுக்கு இந்த ஒரு மாற்றம் பெரிய ஆறுதல். பழகுநர் சட்டப்படி தொழிலாளி அல்லர் என்பதால் வைப்புநிதிப் பிடித்தம் இல்லை. ஓராண்டு முடிந்ததும் அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதி, நாடெங்கும் செல்லும் சான்றிதழைப் பெறலாம்.

இனி என் செலவு. குறைந்தபட்சத் தொகையைக் கொடுத்தால் கோவையில் யாரும் வர மாட்டார்கள். அறை வாடகையும் சாப்பாடும் போக அதில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே நான் தொடக்கத்திலிருந்தே கூடுதலாகக் கொடுத்துவருகிறேன். கடைசியாக வந்த இருவருக்கும் அரசின் பங்கையும் சேர்த்து மாதம் 11,000 ரூபாய் கிடைத்தது. ஆனால் பணத்தைவிடக் கனமான செலவு வேறொன்று. லேத்தில் கடைபவரை டர்னர் என்போம்; எங்கள் தலைமை டர்னருக்கு முப்பத்தைந்து ஆண்டு அனுபவம். அவர் ஒரு நாளில் எடுக்கும் உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பழகுநர் வந்த முதல் மூன்று மாதங்களில் குறைந்துவிடும். அவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் அவருடைய இயந்திரம் நிற்கத்தானே செய்யும்! உடையும் டூல் பிட்டுகளும், அளவு தவறிப் பழைய இரும்புக்குப் போகும் ஷாஃப்ட்டுகளும் அதற்கு மேல். முதல் மூன்று மாதங்களை நஷ்டமாகவே எழுதிக்கொள்ள வேண்டும். நான்காம் மாதம் நஷ்டம் நிற்கும். ஏழாம் மாதத்திலிருந்து பழகுநர் தமக்கான செலவைத் தாமே ஈட்டத் தொடங்குவார். ஆண்டு முடிவில் கூட்டிக் கழித்தால் எங்கள் பட்டறைக்குச் சிறிய நஷ்டம், அல்லது சரிக்குச் சரி. ஒன்பது பேரில் இருவர் விஷயத்தில் மட்டுமே ஓராண்டுக்குள் தெளிவான லாபம் இருந்தது.

அந்த மூன்று மாதங்களில் அப்படி என்னதான் கற்றுக்கொடுக்கிறோம் என்று கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டு போதும். 25 மி.மீ. விட்டமுள்ள பேரிங் இடத்தில் எங்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் 13 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு); தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. லேத்தில் கடைந்து முடித்த ஷாஃப்ட், அறையின் வெப்பத்தைவிட 30 டிகிரி கூடுதலான சூட்டில் இருந்தால், அந்தச் சூட்டாலேயே அதன் விட்டம் 9 மைக்ரான் பெருத்திருக்கும். அந்நிலையில் மைக்ரோமீட்டரை வைத்து, அளவு சரியாக இருக்கிறது என்று மகிழ்ந்து இறக்கிவைக்கும் பழகுநரின் ஷாஃப்ட், தேநீர் இடைவேளை முடிந்து அளந்தால் சிறுத்துப்போய் ரிஜெக்‌ஷன் ஆகிவிடும். வெப்பத்தால் உலோகம் விரியும் என்ற பாடத்தை அவர் எட்டாம் வகுப்பிலேயே படித்துத் தேர்விலும் எழுதியிருப்பார். அந்தப் பாடம் விரல் நுனிக்கு இறங்கி வருவதற்குத்தான் இத்தனை ஷாஃப்ட்டுகள் செலவாகின்றன. "தம்பி, ஜாப் ஆறட்டுமுங்க; சூட்டோட அளந்தா மைக்ரோமீட்டரும் பொய் சொல்லும்" என்று எங்கள் தலைமை டர்னர் புதிதாக வரும் ஒவ்வொரு பழகுநர் தொகுதிக்கும் முதல் வாரத்தில் சொல்வார். மூன்றாம் மாதத்தில் ஒரு நாள், பழகுநர் தாமாகவே ஷாஃப்ட்டை மரத்தட்டில் வைத்துவிட்டு அடுத்த ஜாப்பை மாட்டுவதைப் பார்ப்பேன். பொருளியலார் மனித மூலதனம் என்று எழுதும்போது எனக்கு நினைவுக்கு வருவது அந்த மரத்தட்டுதான். அந்த அறிவைக் கடையில் வாங்க முடியாது. கற்றவரிடமிருந்து பறிக்கவும் முடியாது. அவர் எந்தப் பட்டறைக்குப் போனாலும் அது அவரோடு போகும்.

தொழிற்பயிற்சி நிலையங்களிலிருந்து வருபவர்களின் தரம் பற்றியும் சொல்ல வேண்டும். டர்னர், ஃபிட்டர், மெஷினிஸ்ட் ஆகிய பிரிவுகள் இரண்டாண்டுப் படிப்புகள். அங்கே பயின்று வருபவர்களுக்கு அரம் பிடித்து ராவுவது, வெர்னியர் பார்ப்பது, ட்ராயிங்கைப் படிப்பது ஆகிய மூன்றும் ஓரளவு கைவந்திருக்கின்றன. அடிப்படை இல்லாமல் நேரே பட்டறைக்கு வருபவருக்கு இவற்றைக் கற்றுக்கொடுக்க எங்களுக்கு ஓராண்டு ஆகும். குறை, புதிய இயந்திரங்களில் பழகிய நேரம் போதாமை. எங்களிடம் வந்த இருவர் படித்த நிலையத்தில், ஒரு வகுப்பு முழுமைக்கும் ஒரே சி.என்.சி. (கணினியால் இயங்கும்) இயந்திரம்தான் இருந்ததாம், அதுவும் பல மாதங்கள் பழுதாகிக் கிடந்ததால், புரோகிராமை நோட்டில் எழுதிக் காட்டியே தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தமே வந்தது. இரண்டு ஆண்டுகள் இளமையைக் கொடுத்தவர்களுக்கு நாம் திருப்பிக் கொடுத்தது குறைவு. மாநில அரசு ஒரு பெருநிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தியிருப்பதன் பயனை அண்மைத் தொகுதியில் நேரில் பார்த்தேன். அப்படி மேம்படுத்தப்பட்ட நிலையத்திலிருந்து வந்த ஓர் இளைஞர், இரண்டாம் வாரத்திலேயே சி.என்.சி.யில் ஆஃப்செட் திருத்தம், அதாவது வெட்டும் கருவியின் அளவுத் திருத்தம் போடத் தெரிந்தவராக இருந்தார். இயந்திரம் வந்துவிட்டது; அதே அக்கறை பயிற்றுநர் பணியிடங்களை நிரப்புவதிலும், பயிற்றுநர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தொழிற்சாலைக்கு அனுப்பிப் புதுப்பிப்பதிலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு நல்ல பயிற்றுநர் தம் பணிக்காலத்தில் நூற்றுக்கணக்கான டர்னர்களை உருவாக்குகிறார். எந்த இயந்திரமும் அவ்வளவு ஈட்டித் தராது.

ஊரின் பேரேடு என்று மேலே சொன்னதை இனி விளக்குகிறேன். கோவைக்குத் துறைமுகம் இல்லை. இரும்புத் தாது இல்லை. நொய்யலில் ஆண்டு முழுவதும் நீர் ஓடுவதும் இல்லை. இருந்தவை கரிசல் மண்ணும், பருத்தியும், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றும். 1888இல் ஸ்டேன்ஸ் மில் என்ற நூற்பாலை வந்தது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. ஆலைகளின் இயந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. உதிரிப் பாகம் தேய்ந்தால் கப்பல் வரும்வரை காத்திருக்க இயலாமல் ஊரிலேயே வார்த்தும் கடைந்தும் கொள்ள வேண்டியிருந்தது. அந்தத் தேவையிலிருந்துதான் இங்கே ஃபவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் முளைத்தன. ஆழமான கிணறுகளும் மின்சாரமும் சேர்ந்தபோது அதே கைகள் பம்ப்புக்குத் திரும்பின. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின் மோட்டாரை இங்கே உருவாக்கினார்கள். இன்று நாட்டில் உற்பத்தியாகும் பம்ப்புகளில் ஏறத்தாழ பாதி இந்த மாவட்டத்தைச் சேர்ந்தவை என்று தொழில் அமைப்புகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன.

இந்த வரலாற்றில் பலரும் தாண்டிச் செல்லும் ஓர் இழை உண்டு. மோட்டார் உருவாவதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, 1926இல், பூ.சா.கோ. குடும்பத்தார் தம் சொத்தில் ஒரு பங்கை ஒதுக்கி அறக்கட்டளை அமைத்துத் தொழிற்பயிற்சிக்கூடத்தைத் தொடங்கிவிட்டார்கள். பயில்பவர்கள் அங்கேயே விற்பனைக்கான பொருள்களையும் செய்தார்கள். 1945இல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியால் அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதன் வழி வந்ததே. நான்காண்டுப் பொறியியல் படிப்பை இரண்டே ஆண்டுகளில் கற்பிக்கலாம் என்று அவர் வாதாடி, அரசு ஏற்காததால் முதல்வர் பொறுப்பைத் துறந்தார். அவர் சொன்னது முழுவதும் சரியென்று நான் நினைக்கவில்லை. ஆனால் பட்டறைத் தரையில் கழியும் நேரத்துக்கு அவர் கொடுத்த மதிப்பு எனக்கு உடன்பாடானது. 1951இல் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியும், 1956இல் கோவை தொழில்நுட்பக் கல்லூரியும் தொடங்கின. ஆலைகளிலும் பெரிய பட்டறைகளிலும் தொழில் கற்றவர்கள் வெளியே வந்து, ஒரே ஒரு பழைய லேத்தோடு தம் வீட்டு முற்றத்தில் பட்டறை போட்டார்கள். எங்கள் தெருவில் பழைய பட்டறைகளின் முதல் உரிமையாளர்களை விசாரித்தால், ஏறக்குறைய எல்லோருமே எங்கோ ஒரு பெரிய நிறுவனத்தின் செலவில் தொழில் கற்றவர்கள். நானும் அப்படித்தான், ஓர் ஆலையில் கருவிகள் செய்யும் டூல் ரூமில் எட்டு ஆண்டுகள் நான் வீணாக்கிய இரும்பின் விலையை யாரும் என் சம்பளத்தில் பிடிக்கவில்லை.

ஆகவேதான், பயிற்சி முடித்தவர்கள் போய்விடுகிறார்களே என்ற மனக்குறையை நான் இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன். எங்கள் ஒன்பது பேரில் இன்று என்னிடம் இருப்பவர்கள் மூவர். நால்வர் கோவையிலேயே வேறு நிறுவனங்களில் இருக்கிறார்கள், ஒருவர் ஒசூரில், ஒருவர் தொழிலையே விட்டுவிட்டார். முதல் பழகுநர் ஓராண்டு முடிந்த மறுமாதமே மூன்று தெரு தள்ளியிருக்கும் பட்டறைக்கு 4,000 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு போனபோது எனக்குக் கடும் மனவருத்தம் இருந்தது. பொருளியலாளர் கேரி பெக்கர் 1960களிலேயே இந்தச் சிக்கலை விளக்கியிருக்கிறார்: எல்லா நிறுவனங்களிலும் பயன்படக்கூடிய பொதுத்திறனுக்கு எந்த ஒரு நிறுவனமும் தன் கைப்பணத்தைச் செலவிட முன்வராது, பயன் பயிற்சி பெற்றவரோடு வெளியேறிவிடும் என்பதால் அச்செலவைக் குறைந்த கூலியின் வழியே அவரே ஏற்க நேரும். அவ்வளவும் உண்மை. ஆனால் அந்த இளைஞர் போன இடத்தில் ரிஜெக்‌ஷன் குறைந்தது. அந்தப் பட்டறைக்குப் பெரிய ஆர்டர் வந்தது. அவர்களால் முடிக்க இயலாத ஷாஃப்ட் வேலையில் ஒரு பகுதி இன்று எங்களிடம் வருகிறது. எனக்கு வந்தது என் முதலீட்டுக்கு ஈடாகாது என்பதை மறைக்கவில்லை. எனினும் நான் இழந்ததும், அந்தப் பட்டறை பெற்றதும், அவர் கூடுதலாக வாங்கும் சம்பளமும் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கூட்டினால், ஆவாரம்பாளையத்துக்கு அது லாபம். தனி ஒருவருக்கு நஷ்டமாகவும் வட்டாரத்துக்கு லாபமாகவும் இருக்கும் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்பது சலுகை ஆகாது. அது சரியான கணக்கு. அந்த வகையில் 1,500 ரூபாய் குறைவு என்றே சொல்வேன். உச்சவரம்பு என்பதால் நான் எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் அரசின் பங்கு அங்கேயே நின்றுவிடுகிறது.

மூன்றாவது தொகுதியில் ஒரு பெண் வந்தார். மெஷினிஸ்ட் பிரிவில் தேர்ச்சி பெற்றவர். தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்னிற்பது; 2019-20ஆம் ஆண்டின் தொழில் கணக்கெடுப்பின்படி அத்தகைய பெண்களில் 43 விழுக்காட்டினர் இம்மாநிலத்தில் இருந்தார்கள். ஆனால் அவர்களை நூற்பாலைகளிலும் ஆயத்த ஆடைகளிலும் மின்னணுத் தொழிலிலும் பார்க்கலாம். எங்கள் தெருவின் லேத் பட்டறைகளில் பார்க்க முடியாது. அவர் வருவதற்கு முன்பு தனிக் கழிவறை கட்டினேன்; இருபது ஆண்டுகளாக அதைக் கட்டாமல் இருந்ததுதான் இந்தத் தெருவுக்குப் பெண்கள் வராததற்கு முதல் காரணம் என்பது அப்போதுதான் உறைத்தது. இன்று எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் முழுவதும் அவர் பொறுப்பில் இருக்கிறது. அவர் கையெழுத்திட்டு அனுப்பிய ஷாஃப்ட்டுகளில் திரும்பி வருபவை மிக அரிது. பாதி மக்களைத் தெருவுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆள் கிடைக்கவில்லை என்று நாங்கள் புலம்பிக்கொண்டிருந்தோம்.

திட்டத்தின் குறைகளில் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது, சிறு பட்டறையால் ஒரு தொழில்பிரிவு முழுவதையும் கற்றுக்கொடுக்க முடியாது என்பது. எங்களிடம் கடைசலும் கிரைண்டிங்கும் உண்டு, மில்லிங் குறைவு, கியர் வெட்டுவது அறவே இல்லை. தொழில் தேர்வோ பாடத்திட்டம் முழுவதையும் கேட்கும். பல முதலாளிகள் ஒன்றுசேர்ந்து, பழகுநர்களைத் தம் பட்டறைகளுக்கிடையே மாற்றி மாற்றி அனுப்பிப் பயிற்சி கொடுக்கச் சட்டமே இடமளிக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. நாங்கள் நான்கு பட்டறைகள் பேசிவைத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு நாள் மில்லிங்குக்கும் ஒரு நாள் உலோகத்தைச் சூடேற்றிப் பதப்படுத்தும் ஹீட் ட்ரீட்மெண்ட்டுக்கும் பழகுநர்களை அனுப்புகிறோம். இதனால் பழகுநர்களின் தேர்வு நன்றாக அமைந்ததோடு, போட்டியாளர்களாக மட்டுமே இருந்த எங்களுக்கிடையே பேச்சும் வளர்ந்தது.

இரண்டாவது குறை, இடைநிலை முகமைகள். நானே விண்ணப்பம் போடத் தெரியாமல் முதல் ஆண்டில் ஒரு தனியார் முகமையை நாடினேன். ஒப்பந்தப் பதிவைத் தாமதித்து, அந்த இளைஞரின் மூன்று மாதப் பயிற்சி கணக்கில் வராமல் போகும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதன் பிறகு இணையதளத்தில் நானே பதிவு செய்கிறேன்; ஆதார், வங்கிக் கணக்கு, ஐ.டி.ஐ. சான்றிதழ் ஆகிய மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருந்தால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். தலைப்பெழுத்து முன்னே ஒன்றிலும் பின்னே ஒன்றிலும் இருந்தால் நாட்கணக்காக அலைய வேண்டிவரும்.

மூன்றாவது, இத்திட்டத்தால் மட்டும் தீர்க்க முடியாதது. பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் இருசக்கர வண்டியும் கைப்பேசியும் வைத்திருந்தால், உணவுப் பொட்டலங்களைக் கொண்டு சேர்த்து, பழகுநருக்கான குறைந்தபட்சத் தொகையைப்போல் இரு மடங்குக்கு மேல் இன்றே ஈட்டலாம். தொழிலை விட்டுவிட்டார் என்று சொன்னேனே, அவர் அப்படித்தான் போனார். வீட்டில் தந்தைக்கு உடல்நிலை சரியில்லை, அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஐந்தாண்டு கழித்துப் பட்டறைத் தொழிலில் கிடைக்கும் சம்பளத்தைச் சொல்லி, இந்த மாத வாடகைக்கு அவரைக் காத்திருக்க வைக்க முடியாது. அரசுப் பள்ளியில் படித்து ஐ.டி.ஐ.யில் சேர்பவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் வழி மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. படிப்பு முடியும்போது அது நின்றுவிடுகிறது. அவர்களுக்கு அது மிகவும் தேவைப்படுவதோ அதற்கு அடுத்த ஓராண்டில்தான். பழகுநர் காலத்துக்கும் அதை நீட்டித்தால், தொழிலை விட்டுப் போகும் இளைஞர்களில் சிலரையேனும் நிறுத்திவைக்கலாம்.

ஐந்து மதிப்பெண்ணுக்கு நான்கு கொடுப்பேன். வாய்ப்புள்ள பட்டறைகள் தயங்காமல் சேரலாம். ஆனால் கற்றுக்கொடுக்க மனமுள்ள மூத்தவர் ஒருவர் பட்டறையில் இல்லையென்றால் சேர வேண்டாம், இளைஞரின் ஓராண்டு வீணாகும். எங்கள் தலைமை டர்னருக்குப் பழகுநர் ஒருவருக்கு மாதம் 1,500 ரூபாய் கற்பிப்புத் தொகையாகத் தனியே கொடுக்கிறேன். உற்பத்திக் குறைவை அவர் கணக்கில் எழுதுவதில்லை. இதைச் செய்யாதவரை அவர் பழகுநர்களைச் சுமையாகவே பார்த்தார். அவருக்கு அடுத்த சித்திரையில் அறுபது முடிகிறது. அதற்குள் இன்னும் இரண்டு பேருக்கு முழுத் தொழிலையும் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று அவரே கேட்டதால், இந்த முறை டர்னர் பிரிவிலேயே இரண்டு பேரைக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறேன்.